மும்பை இரவும் பெயரின்மையும் – ‘தி பாய்ஃப்ரெண்ட்’ நாவலை முன்வைத்து

தமிழ்ப் புனைகதைக்கு மும்பை புதிய களமன்று. திருநெல்வேலிப் பகுதியினின்றும் தோல் பதனிடும் தொழிலை நம்பிச் சென்று தாராவியில் குடியேறியோர், அலுவலகப் பணிகளை நாடிச் சென்று மாதுங்காவில் தங்கியோர், சற்றே வசதி பெற்றபின் செம்பூருக்குப் பெயர்ந்தோர் எனப் பல அடுக்குகளாக அமைந்தது அந்நகரத் தமிழர் வாழ்வு. பணியின் பொருட்டு அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ (1986), ‘சதுரங்கக் குதிரை’ (1993) ஆகிய நாவல்கள் இவ்வாழ்வின் ஒரு பகுதியை நன்கு பதிவு செய்துள்ளன. வேலை தேடி அலைதல், பலர் கூடித் தங்கும் அறை, உணவு விடுதிச் சோறு, ஊருக்கு அனுப்பும் பணம், வயது ஏறியும் திருமணம் கூடாமை ஆகியவை இவ்வகை எழுத்தின் நிலைத்த பொருள்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டு ஆடவர் தோளோடு தோள் ஒட்டி உறங்கும் காட்சியை மும்பைத் தமிழ் எழுத்து அறியும். ஆனால் அவ்வாறு உறங்குவோருள் இருவரிடையே, இருவருமே எதிர்பாராத வகையில், நட்பு என்றோ பழக்கம் என்றோ கூறிக் கடந்துவிட இயலாத ஒன்று நிகழக்கூடும் என்பதைப் பற்றி அது பெரிதும் வாய் திறக்கவில்லை.

அதே நகரத்தைக் களமாகக் கொண்ட இந்திய ஆங்கில எழுத்து இதனை வெளிப்படையாகப் பேசியுள்ளது. மகேஷ் தத்தானியின் ‘ஆன் எ மக்கி நைட் இன் மும்பை’ என்னும் நாடகம் 1998 நவம்பரில் மும்பை டாட்டா அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. ஆர். ராஜ் ராவின் ‘தி பாய்ஃப்ரெண்ட்’ நாவல் 2003இல் வெளிவந்தது. இவ்விரண்டையும், சிறப்பாக நாவலை, தமிழ்ப் பொருளிலக்கண மரபின் துணைகொண்டு நோக்குவதும், கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ நாவலோடு ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் இரவில் நிகழ்ந்தது எவ்வாறு ‘நான் யார்’ என்னும் வினாவாக மாறுகிறது, யாருக்கு மாறுகிறது, யாருக்கு மாறாமலே போகிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

சொல்லிலிருந்து தொடங்குவது பயன் தரும். இவ்வுறவைக் குறிக்க நெடுநாள் வழங்கிவந்த ‘ஓரினச்சேர்க்கை’ என்பது ஒரு செயலின் பெயர். சேர்ந்தனரா இல்லையா என்பதே அதன் கவலை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவில் பேசியதும் செயலைப் பற்றியே. மனத்தைப் பற்றி அச்சட்டத்திற்கு அக்கறையில்லை. பின்னர் வழக்கிற்கு வந்த ‘தன்பாலீர்ப்பு’ ஒரு நிலையின் பெயர். ஈர்ப்பு செயலுக்கு முன்னும் இருக்கலாம். செயலே இல்லாமலும் இருக்கலாம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, இத்துறைக்குரிய கலைச்சொற்களின் தொகுதியைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ஒரு மொழி செயற்பெயரிலிருந்து நிலைப்பெயருக்கு நகர்வது சிறு மாற்றமன்று. முதற்சொல் ‘என்ன செய்தாய்’ என்று வினவுகிறது. இரண்டாவது ‘யாராக இருக்கிறாய்’ என்று வினவுகிறது. இவ்விரண்டு வினாக்களுக்கும் இடைப்பட்ட நேரந்தான், அதாவது செயல் நிகழ்ந்து முடிந்து பெயர் இன்னும் வந்து சேராத நேரந்தான், இவ்வகைப் படைப்புகளின் உண்மையான களம்.

பழந்தமிழில் ‘புணர்ச்சி’ என்னும் சொல்லின் பரப்பும் இங்கு எண்ணத்தக்கது. எழுத்திலக்கணத்தில் அது சொற்கள் கூடுதலைக் குறிக்கும். களவியலில் தலைவனும் தலைவியும் கூடுதலைக் குறிக்கும். திருக்குறளின் நட்பதிகாரத்தில் அதே சொல் நண்பர் உடனுறைந்து நெருங்கியிருத்தலைக் குறிக்கிறது. அவ்விடத்தில் உரைகாரர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுவர். மூன்று துறைகளுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இதனைக்கொண்டு ஒருவரையொருவர் காணாமலே அன்பு பூண்டு, ஒருவர் வடக்கிருந்த இடத்திலேயே மற்றவரும் உயிர்விட்ட அவ்விருவரை இற்றைக் காதலரின் முன்னோராக ஆக்கிக்கொள்ளச் சிலர் முனைவதுண்டு. அது தேவையற்ற முயற்சி. நட்பைக் காதலுக்குச் சான்றாக வலிந்து இழுப்பது, காதலை நட்பென்று மழுப்புவதன் மறுபக்கமே ஆகும். பழைய சொல்லாட்சி உணர்த்துவது வேறொன்று: ஆடவர் இருவரின் நெருக்கத்திற்கு அக்கால மொழி அஞ்சியதில்லை.

இனி நாவலுக்கு வரலாம். 1955இல் மும்பையில் பிறந்து, புணேப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய ராஜ் ராவ் முதலில் கவிஞராக அறியப்பட்டவர். அவருடைய கவிதைகளை அடிப்படையாகக் கொண்டு ரியாத் வாடியா 1996இல் ‘பாம்கே’ என்னும் குறும்படத்தை எடுத்தார். அதற்கு முன்னரே, 1990இல், அசோக் ராவ் கவி ‘பாம்பே தோஸ்த்’ என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். எனவே 2003இல் இந்நாவல் வெளிவந்தபோது அதற்கென ஒரு வாசகர் வட்டமும் ஒரு பேச்சுமொழியும் நகரத்தில் உருவாகியிருந்தன. கதை நிகழ்வதோ அதற்கு முந்திய பத்தாண்டின் தொடக்கத்தில். 1992 டிசம்பர், 1993 சனவரிக் கலவரங்களை ஒட்டி.

தலைமை மாந்தனான யூதி நடுவயதை எட்டிய இதழாளன், உயர்சாதியினன், புறநகரான நாலாசோபாராவில் தனித்து வாழ்பவன். சர்ச்கேட் தொடர்வண்டி நிலையத்தில் அவன் ஓர் இளைஞனைச் சந்திக்கிறான். வீட்டிற்கு அழைத்துச் செல்கிறான். அது யூதிக்குப் பழகிப்போன ஒன்று; பெயரும் முகமும் நினைவில் தங்கவேண்டிய தேவையில்லாத சந்திப்புகளுள் இன்னுமொன்று. இளைஞனின் பெயர் மிலிந்த் என்பதும் அவன் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதும் உறவு வளரும்போதே யூதிக்குத் தெளிவாகின்றன. முதற் சந்திப்பிற்குப்பின் கலவரம் வெடிக்கிறது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 900 பேர் மாண்ட கலவரம் அது. தாராவியும் அதில் தப்பவில்லை. பெயரும் முகவரியும் சரிவரத் தெரியாத ஒருவன் உயிரோடிருக்கிறானா என்ற அச்சம் யூதியைப் பற்றுகிறது. மறக்கத்தக்கதாயிருந்த சந்திப்பு அவ்வச்சத்தினாலேயே மறக்கவியலாததாகிறது. நாவலின் சிறந்த பகுதி இதுவெனலாம். இன்பம் காதலாக மாறுவது இன்பத்தின்போது அன்று, இழப்பின் வாயிலில் நின்றே என்பதை ராவ் விளக்கவுரை ஏதுமின்றி நிகழ்ச்சியின் வழியே காட்டிவிடுகிறார்.

களவொழுக்கத்தின் படிநிலைகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஊழால் எதிர்ப்பட்டுக் கூடுதல் இயற்கைப் புணர்ச்சி. முதல்நாள் கண்ட இடத்திற்கே மீண்டும் சென்று காணமுயல்தல் இடந்தலைப்பாடு. அதுவும் கைகூடாவிடத்துப் பாங்கன் துணையை நாடுதல் பாங்கற் கூட்டம். இலக்கணம் வகுத்தோர் இரண்டாம் சந்திப்பிற்குத் தனிப்பெயர் இட்டது ஆழ்ந்த நோக்குடையது. முதற்சந்திப்பு தற்செயலாக அமையலாம்; இரண்டாவது தற்செயலாக அமையாது. மீண்டும் காண விழைந்த கணமே ஒருவன் தன்னைப் பற்றி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டவனாகிறான். மலைச்சாரலில் தினைப்புனம் அங்கேயே இருக்கும், தலைவியும் அங்கேயே வருவாள் என்னும் நம்பிக்கை குறிஞ்சித் தலைவனுக்கு உண்டு. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வந்து நீங்கும் தொடர்வண்டி நிலையத்தில் இடம் நிலைக்கிறது; ஆள் நிலைப்பதில்லை. யூதியின் தேடலில் உள்ள அவலமும், சில இடங்களில் நகைப்பும், இதிலிருந்தே பிறக்கின்றன.

பெயர் கூறாமையிலும் இவ்வொப்புமை தொடர்ந்து, பின் முறிகிறது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. அங்கே பெயரின்மை உயர்வு தருவது. இன்னார் காதல் என்று குறுகாமல் காதல் என்றே நிற்கச் செய்வது. மும்பை நிலையத்தில் பெயரின்மை பாதுகாப்பின் பொருட்டு அமைவது. பெயர் சொன்னால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் சாதி தெரியும். கலவரக் காலமாயின் மதமும் தெரியும். பெயர் கூறாதிருக்கும்வரை இருவரும் சமம். பெயர் கூறிய பின்னர் ஒருவன் இதழாளன், மற்றவன் தலித் இளைஞன். அகப்பாடலின் பெயரின்மை புலவனின் கொடை என்றால், நாவலின் பெயரின்மை ஏழை காதலனின் கேடயம்.

மிலிந்த் என்னும் பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. மராட்டியத்தில் பல சாதியினரும் இடும் பெயரே அது. எனினும் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1950இல் அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரி இப்பெயரையே தாங்கி நிற்பதால், தலித் மக்களிடையே அதற்குத் தனி ஒலியுண்டு. ‘மிலிந்த பன்ஹா’ என்னும் பௌத்த நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன் துறவி நாகசேனரை நோக்கி முதலில் கேட்பதே பெயர் பற்றித்தான். பெயர் ஒரு வழக்கே. அப்பெயருக்குரிய நிலைத்த ஆள் உள்ளே ஒருவர் இல்லை என்பது துறவியின் விடை. தேரைப் பிரித்தால் அச்சும் சக்கரமும் நுகமும் கிடைக்கும், தேர் கிடைக்காது. ஆசிரியர் இதனைக் கருதினாரோ இல்லையோ, ‘தன்பாலீர்ப்பாளன்’ என்ற பெயரைச் சூடிக்கொள்ள இறுதிவரை இணங்காத இளைஞனுக்கு இப்பெயர் வாய்த்தது பொருத்தமாகவே உள்ளது.

நாவலின் குறையும் இங்கேதான் தோன்றுகிறது. தன்னைத் தான் வினவிக்கொள்ளும் நெருக்கடி உண்மையில் யாருக்கு உரியது? யூதிக்கு இல்லை. அவன் தன்னை அறிந்தவன். அவனுக்குச் சொல்லும் இருக்கிறது, நண்பர் குழாமும் இருக்கிறது, தன்னைப் பகடி செய்துகொள்ளும் துணிவும் இருக்கிறது. வினா மிலிந்துக்கு உரியது. யூதியோடு விளையாட்டும் மெய்யும் கலந்த ஒரு மணச்சடங்கை நடத்திக்கொள்பவன் அவன். ஒருநாள் சொல்லாமல் மறைந்து விளம்பர அழகர் தொழிலில் சிக்கிக்கொள்பவனும் அவனே. இறுதியில் ஒரு பெண்ணை மணந்துகொள்கிறான். இவற்றுள் எது விருப்பம், எது வறுமை, எது வீட்டாரின் வற்புறுத்தல் என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியுள்ளது. கதை பெரும்பாலும் யூதியின் கண்வழியே செல்வதால் மிலிந்தின் உள்ளம் மூடியே கிடக்கிறது. காதலித்தவனின் அகம் நூறு பக்கங்களுக்கு விரிய, காதலிக்கப்பட்டவனின் அகம் ஒரு பக்கத்திலும் முழுமையாகத் திறக்கவில்லை.

இதனை ஆசிரியரின் அறியாமை என்று தள்ளிவிடவும் இயலாது. யூதியின் தற்பெருமையையும், பணத்தால் அன்பை நிலைநிறுத்த எண்ணும் அவன் போக்கையும் ராவ் இரக்கமின்றியே எள்ளுகிறார். யூதியை விரும்பும் கௌரி என்னும் பெண்ணிடம் அவன் நடந்துகொள்ளும் முறையும் மறைக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட ஒருவன் பிறரை ஒடுக்க மாட்டான் என்ற எளிய நம்பிக்கைக்கு நாவலில் இடமில்லை. அங்கதம் ஒருவனைத் தோலுரிக்கும். ஆனால் இன்னொருவனுக்கு உயிர் கொடுக்காது. மிலிந்தின் திருமணத்தை யூதிக்கு நேர்ந்த கைவிடலாகப் படிக்கவே நாவல் தூண்டுகிறது. அதனை மிலிந்த் தனக்கே இட்டுக்கொண்ட விடையாக, அல்லது விடை கூற மறுத்த செயலாகப் படிக்கும் வழியும் உண்டு. அவ்வழி நாவலில் ஒரு கோடாக மட்டுமே தெரிகிறது.

களவு கற்பாக நிறைவுறுதல் தமிழ் மரபின் போக்கு. அறத்தொடு நிற்றலும் உடன்போக்கும் வரைவும் அதற்கான வாயில்கள். மறைவிலே தொடங்கியதை ஊரறியச் செய்வதே அவற்றின் பயன். ராவின் காதலருக்கு அவ்வாயில்களுள் எதுவும் திறந்திருக்கவில்லை. தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2013இல் நீக்கியது; 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அதே நீதிமன்றம் வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கொள்ளலாகாதென்று தீர்ப்பளித்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377இன் நேர்ப்பிரிவு இல்லை. ஆயினும் 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இத்தகைய இணையரின் திருமணத்தை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. இலக்கண மொழியில் கூறினால், களவு குற்றமன்று என்றாயிற்று. கற்பு இன்னும் கைகூடவில்லை. இதனைப் பெருந்திணையுள் அடக்கிவிடலாமே என ஒருவர் கேட்கக்கூடும். பெருந்திணை அன்பின் அளவும் வயதும் பொருந்தாமையைப் பேசுவது. அதுவும் ஆண் பெண் இருவரிடையே. ஒத்த அன்பினரை அவர்தம் பால் ஒன்றென்பதற்காக ஒவ்வாக் காமத்தில் வைப்பது இலக்கணத்திற்கும் பொருந்தாது. யூதி–மிலிந்த் உறவில் பொருந்தாமை உண்டென்றால் அது வயதிலும் சாதியிலும் பொருளிலும் உள்ளது; பாலில் இல்லை.

தத்தானியின் நாடகம் ஒரே இரவில் நிகழ்வது. கமலேஷ் தன் நண்பர்களை அழைத்து, பிரிந்துபோன காதலன் பிரகாஷை மறக்கத் தனக்கு உதவுமாறு கேட்கிறான். அவன் தங்கை கிரணுக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கும் எட் என்பவனே அந்தப் பிரகாஷ் என்பது பின்னர் வெளிப்படுகிறது. கீழே ஒரு திருமணம் ஆரவாரமாக நடக்கிறது, மேலே புழுக்கம். ஒரே மனிதனின் பெயரின் ஒரு பாதி காதலனுக்கும் மறுபாதி மணப்பெண்ணுக்கும் வழங்கப்பட்டிருப்பது நாடகத்தின் சிறந்த கண்டுபிடிப்பு. தன்னை ஐயுறும் மனிதனை அரங்கில் காட்ட இதனினும் சுருக்கமான வழி அரிது. நண்பர்களின் விவாதம் சில இடங்களில் நிலைப்பாடுகளின் பட்டிமன்றமாகிவிடுகிறது. பன்னி சிங் என்னும் தொலைக்காட்சி நடிகனின் பாத்திரம் மட்டும், குடும்பத் தலைவனாகத் திரையில் நடித்து வாழ்விலும் அதையே நடிப்பவனாதலால், கருத்தைத் தாண்டி மனிதனாக நிற்கிறது.

எனினும் அந்நாடகத்தில் நினைவில் தங்குவது தொடக்கமே. கட்டடத்தின் காவலாளி கமலேஷிடமிருந்து பணம் பெற்றுக்கொள்கிறான்; அவர்களிடையே சற்றுமுன் நிகழ்ந்ததற்கான பணம் அது. மாடியில் உள்ளோர் அனைவருக்கும் பெயரும் வரலாறும் துயரமும் உண்டு. காவலாளிக்குப் பெயரில்லை. அவன் அந்த இரவைப் பற்றி என்ன எண்ணினான் என்று கேட்பாரில்லை. மிலிந்தைப் படைக்கும்போது ராவ் இக்காவலாளிக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் ஒரு மனைவியும் கொடுத்தார் எனக் கூறின் அது மிகையாகாது. நாடகம் அரங்கேறிய சில நாள்களுக்குள், 1998 டிசம்பர் தொடக்கத்தில், பெண்கள் இருவரின் காதலைக் கூறிய ‘ஃபயர்’ திரைப்படம் மும்பைத் திரையரங்கில் தாக்குதலுக்கு ஆளானது. அரங்கில் ஆங்கிலம் பேசியவர்களுக்கு அந்தத் தொல்லை நேரவில்லை.

தமிழில் இப்பொருளை அஞ்சாமல் தொட்ட நாவல் ‘பசித்த மானிடம்’ (1978). ‘கரிச்சான்’ என்பது கு.ப.ராஜகோபாலன் பயன்படுத்திய புனைபெயர்களுள் ஒன்று; அவர்மீது கொண்ட பற்றால் தம்மை அதன் குஞ்சு என அழைத்துக்கொண்ட ரா. நாராயணசாமி (1919–1992) வேதமும் வடமொழியும் கற்றுப் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். ஆனந்தவர்த்தனரின் தொனிக் கோட்பாட்டு நூலைத் தமிழாக்கியவர். அவர் எழுதிய ஒரே நாவல் இது. அழகிய சிறுவனாகப் பிறர் கவனத்தை ஈர்த்த கணேசன், வசதி படைத்த ஆடவரின் இச்சைக்கு ஆட்பட்டு, அவர்கள் தரும் உணவிலும் சுகத்திலும் வளர்ந்து, பின்னர்த் தொழுநோய்க்கு ஆளாகி, உலகத்தை வேறு கண்ணால் காண்கிறான். 2023இல் இந்நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னர் தமிழறியாத வாசகரும் இதனைக் கவனிக்கலாயினர்.

இந்நாவலைப் பற்றிய பேச்சில் இரு தவறுகள் நேர்வதுண்டு. நோயைக் கணேசனின் உறவுகளுக்குக் கிடைத்த தண்டனையாகப் படிப்பது ஒன்று. நாவலில் பசி ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. பொருளுக்குப் பசித்த கிட்டாவும் கணேசனின் அருகே வைத்தே காட்டப்படுகிறான். நோய் அவனைத் தீண்டவில்லை, மனநிறைவும் அவனைத் தீண்டவில்லை. தண்டனைக் கதையில் இவ்வாறு நிகழாது. இரண்டாவது தவறு, இன்றைய சொற்களைக் கொண்டுபோய்க் கணேசனுக்குச் சூட்டுவது. அவன் சிறுவனாக இருந்தபோது அவனைப் பயன்படுத்தியோரின் செயலைக் காதல் என்று கூறலாகாது, அது சுரண்டல். ஆயினும் கணேசன் தன் உடல் பெற்ற சுகத்தை மறுப்பதுமில்லை. வெட்கமோ அறைகூவலோ இன்றி, நடந்ததை நடந்ததாகக் கூறும் அக்குரல் நாவலின் வலிமை. பெயர் வந்து சேராத நேரத்தை இந்த அளவுக்கு அமைதியாக எழுதிய தமிழ் நாவல் வேறொன்றைக் காட்டல் அரிது. மிலிந்தின் வாயிலிருந்து கேட்க விரும்பிக் கேட்கக் கிடைக்காத குரல், காவிரிக் கரையைச் சேர்ந்த கணேசனிடமிருந்து கால் நூற்றாண்டு முன்னரே ஒலித்துவிட்டது.

அவ்வாறாயின் மும்பைத் தமிழ்ப் புனைகதை வாளாவிருந்தது ஏன்? நாணம் என்பது எளிய விடை, அது போதாது. கும்பகோணத்தில் இல்லாத நாணம் தாராவியில் எங்கிருந்து வந்தது? காரணம் குடியேற்றத்தின் அமைப்பில் உள்ளது. தாராவி அறையில் உடன் உறங்குபவன் அந்நியனல்லன். அதே ஊரினன், பெரும்பாலும் அதே சாதியினன், மாமன் மகனாகவும் இருக்கக்கூடும். வேலை வாங்கிக் கொடுத்தவனும் ஊருக்குச் செய்தி சொல்பவனும் அவனே. மாதுங்காவின் விடுதி அறைகளிலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற அறிமுகமே வாடகைக்குப் பிணை. செம்பூரின் குடும்ப வீட்டில் ஐயத்திற்கு விடையாகப் பெண்பார்க்கும் படலம் முன்கூட்டியே வந்துவிடும். அதாவது தமிழர் மும்பையில் பெயரின்மை என்பது கிடையாது. பெயரின்மை வேண்டுமாயின் வண்டியேறிச் சர்ச்கேட்டுக்கோ விக்டோரியா முனையத்துக்கோ செல்லவேண்டும். மாதுங்கா மத்திய இருப்புப்பாதையிலும் செம்பூர் துறைமுகப் பாதையிலும் உள்ளன. ராவின் நாலாசோபாரா மேற்குப் பாதையின் வடகோடியை நோக்கி இருக்கிறது. மும்பை எழுத்திலும் இருவேறு நகரங்கள் இவ்வாறு தனித்தனிப் பாதைகளிலேயே ஓடின.

அந்நகரின் புறநகர் வண்டிகள் நள்ளிரவு ஒரு மணியளவில் ஓய்ந்து, விடியற்காலை நான்கு மணியளவில் மீண்டும் புறப்படுகின்றன. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடைசி வண்டியைத் தவறவிட்டவனுக்கு உரியது. நண்பன் அறையில் படுத்துக்கொண்டான் என்பது எவரும் ஐயுறாத விளக்கம், பெரும்பாலும் உண்மையும்கூட. மும்பைத் தமிழ் நாவல்கள் இந்நேரத்தை உறக்கமாக எழுதின, தனிமையாக எழுதின, ஊர்க்கனவாக எழுதின. ‘சதுரங்கக் குதிரை’யின் மணமாகாத நாயகனை இவ்வாய்வின் பொருளுக்கு இழுப்பது முறையன்று, அவனது தனிமை வேறு வகையது, அதனை ஆசிரியர் தெளிவாகவே எழுதியுள்ளார். ஆனால் அத்தகைய தனிமையை அவ்வளவு நுட்பமாக அறிந்த ஓர் எழுத்து மரபு, அதே அறையில் இன்னொருவனின் தனிமை வேறாக இருந்திருக்கலாம் என்பதை அறியாதிருந்தது எனக் கொள்வது கடினம்.

ராவ் 2010இல் வெளியிட்ட ‘ஹாஸ்டல் ரூம் 131’ நாவலில், புணே மாணவர் விடுதிக்கு விருந்தினனாகச் செல்லும் இளைஞன் அங்கே காணும் ஒருவனிடம் மனம் பறிகொடுக்கிறான். நிலையம் விடுதியறையாகிறது, அந்நியன் பெயரும் முகவரியும் உடையவனாகிறான். மறைந்துபோனவனைத் தேடுவதைவிட, பெயர் தெரிந்தவனோடு அடுத்தநாள் காலை ஒரே மேசையில் தேநீர் அருந்துவது கடினமான காட்சி. தாராவியின் ஒற்றை அறையிலும் மாதுங்காவின் விடுதியிலும் தமிழ்ப் படைப்பாளி எழுதவேண்டியிருப்பதும் அக்காலைப் பொழுதைத்தான்: ஒருவன் எழுந்து பாயைச் சுருட்டுகிறான், மற்றவன் வேலைக்குப் புறப்படுகிறான், மாலையில் இருவரும் அதே அறைக்குத் திரும்பவேண்டும், ஊருக்கு எழுதும் கடிதத்தில் இருவருக்கும் பொதுவான உறவினரின் நலம் கேட்கப்படும்.